வாளியோடு வந்த வாரிசு

பழைய கவுண்டி நீதிமன்றங்களின் உயில் பதிவேடுகளை இப்போது பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். இனி யாரும் அந்தப் புத்தகங்களைத் தூக்க வேண்டியதில்லை. "கவலையா இல்லையோ, பிலோ அக்கா?" என்று என்னோடு வேலை செய்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் தொலைபேசியில் கேட்டார்கள். எனக்கென்ன கவலை? ஒவ்வொரு புத்தகமும் ஒரு வயதுக் குழந்தையின் பாரம். அவற்றைத் தூக்கித் தூக்கித்தான் என் இடுப்புப் போனது. படம் பிடிக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவருக்கு நான் ஒரு பூசையே ஒப்புக்கொடுப்பேன்.

ஆனால் பிள்ளைகள் விடவில்லை. செத்தவர்களின் கடதாசிகளோடு இத்தனை வருடம் இருந்து என்னதான் செய்தீர்கள், எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

முதலில் அது என்ன இடம் என்று சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் முன்பெல்லாம் ஒவ்வொரு கவுண்டிக்கும், அதாவது மாவட்டத்துக்கும், உயில்களைக் கவனிக்கவென்றே ஒரு நீதிமன்றம் இருந்தது. ஒருவர் இறந்தால் அவருடைய உயில், சொத்துப் பட்டியல், உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்றவரின் சத்தியக் கடதாசி எல்லாம் அங்கே போகும். எழுதுவினைஞர் உயிலைப் பெரிய பதிவேட்டில் கையால் பிரதி செய்வார். மூலத்தை மூன்றாக மடித்து, சிவப்பு நாடாவால் கட்டிப் பெட்டியில் போடுவார். அந்த நீதிமன்றங்கள் மூடப்பட்ட பிறகு சில கவுண்டிகளின் புத்தகங்களும் பெட்டிகளும் ரொறன்ரோவில் எங்கள் பதிவறைக்கு வந்து சேர்ந்தன. நானும் ஏறக்குறைய அதே போலத்தான் வந்து சேர்ந்தேன். நெடுந்தீவில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் படித்து, இங்கே வந்து அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் எட்டு வருடம் நின்றவள். தொழிற்சாலை மூடப்பட்டதும் வேலை தேடித் தரும் கந்தோர் என்னை அந்தப் பதிவறைக்கு அனுப்பியது. நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "பெட்டிகளோடு அனுபவம் உண்டா?" உண்டு என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

பயிற்சி ஆறு மாதம். அதில் நான் கற்றது முக்கியமாக நாடாவை அவிழ்க்கவும் திரும்பக் கட்டவும்.

என் மேலதிகாரி மிஸ்டர் ஹார்டிங். மிக உயரமான மனிதர். பெட்டித் தட்டுகளுக்கிடையில் நடந்து நடந்து எப்போதும் கொஞ்சம் பக்கவாட்டாகவே நிற்பார். பதிவறைக்குள் பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். பார்வையாளர்களுக்கு அவரே பென்சில் இரவல் கொடுப்பார். கொடுக்கும்போதும் திருப்பி வாங்கும்போதும் அடிமட்டத்தால் நீளம் அளப்பார். அதிகம் தேய்ந்திருந்தால், "நிறைய எழுதியிருக்கிறீர்கள்" என்று வருத்தத்தோடு சொல்வார். கோபித்து நான் கண்டதில்லை.

இறந்தவர்களைப் பற்றி அவர் இறந்த காலத்தில் பேசவே மாட்டார். நான் சேர்ந்த இரண்டாம் நாள் காலையில் மேலங்கியைக் கழற்றிக்கொண்டே, "மிஸிஸ் ஹனா தன் அடுப்புக்காக இன்னும் காத்திருக்கிறாள்" என்றார். ஒரு கிழவியை இப்படிக் காக்க வைக்கிறார்களே என்று நான் ஓடிப்போய் வரவேற்பு மேசையில் நின்று, "மிஸிஸ் ஹனா! மிஸிஸ் ஹனா!" என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். அங்கே விலாசம் கேட்க வந்த ஒரு தபால்காரர் மட்டும் நின்றார். ஹார்டிங் பின்னால் வந்து, "அவள் நான்காவது தட்டில், மூன்றாவது பெட்டியில் இருக்கிறாள்" என்றார். நூறு வருடத்துக்கு மேலாக அங்கே இருக்கிறாளாம். கணவர் உயிலில் எழுதி வைத்த அடுப்பை மகன் கொடுக்கவில்லையாம்.

இன்னொரு முறை, உயில் எழுதாமல் இறந்த ஒரு பண்ணைக்காரரின் சொத்துப் பட்டியலில் ஒரு வரி கண்டோம்: "நாய் ஒன்று, கிழடு. மதிப்பீட்டாளரை அருகில் விடவில்லை." ஹார்டிங்குக்கு நிம்மதி போய்விட்டது. அந்த நாய் கடைசியில் யாருக்குப் போனது என்று இரண்டு நாள் தேடினோம். பொறுப்பாளர் பின்னர் கொடுத்த ஓர் அறிக்கையின் அடியில் விடை கிடைத்தது: "நாய் தன் சொந்த விருப்பப்படி அயல்வீட்டுக்குப் போய்விட்டது." ஹார்டிங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உயில் எழுதாமல் இறந்தவர்களின் சொத்தை இவ்வளவு ஒழுங்காக யாரும் பிரித்ததில்லை" என்றார்.

அவர் எனக்கு வைத்த கண்டிப்பான விதி ஒன்றுதான். வருகிறவர்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. "பதிவில் இப்படி இருக்கிறது" என்று சொல்லலாம். "ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்" என்று சொல்லலாம். மூன்றாவது வசனம் கிடையாது. மோர்னிங்சைட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது அந்த இரண்டு வசனங்களையும் ஆங்கிலத்தில் வாய்க்குள் சொல்லிச் சொல்லி வருவேன்.

பக்கத்து நகரமான விட்பியின் பிரச்சினை வந்தது ஒரு பங்குனி மாதம். பனி உருகி, வாசலெல்லாம் சேறாக இருந்த நாட்கள். ஒரு தமிழ்ச் சோடி வந்து மேசை முன் நின்றது. பெண்ணுக்கு என் வயதைவிட நாலைந்து குறைவாக இருக்கும். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை, அதற்குள் கடதாசிகள். என் பெயர்ப்பட்டியைப் பார்த்தாள்.

"நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"அப்பாடா! அக்கா, எங்கடை வளவுக்கை ஒரு வெள்ளைக்காரன் வாளியோட வாறான்."

"என்ன, ஏதும் விக்கிறாரோ?"

"விக்கேல்லை. தண்ணி கேக்கிறார்."

பக்கத்தில் நின்ற கணவன் குறுக்கிட்டார். "தண்ணி கேட்டா ஒரு மனுசனுக்குக் குடுக்கலாம் அக்கா. உவர் உரிமை எண்டெல்லோ சொல்லுறார்!"

அவள் பெயர் தவமணி, அவர் பெயர் குலம். விட்பியில் புதிதாகக் கட்டிய வீட்டுத் திட்டத்தில் வீடு வாங்கியிருந்தார்கள். முன்பு அது ஒரு பண்ணை. போன வருடம் உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை, எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் தகர வாளியோடு பின்வேலியருகில் வந்து நின்று, "தண்ணீருக்கு வந்திருக்கிறேன்" என்றாராம். தவமணி போத்தல் தண்ணீர் கொடுத்தாளாம். அவர் மிக மரியாதையாக மறுத்துவிட்டு, பின்வளவிலிருந்த கொட்டிலைச் சுட்டிக்காட்டினாராம். கிணறு அதற்குக் கீழேதான் இருக்கிறதாம். அந்தக் கொட்டில் குலம் சீமெந்துத் தளம் போட்டுக் கட்டியது. வீட்டுக்குள் மணம் பரவாமல் மீன் பொரிப்பதற்கு.

"இந்த முறையும் வாறனெண்டு கடிதம் போட்டிருக்கிறார்" என்றார் குலம். "அந்தச் சனிக்கிழமைதான், அக்கா, எங்கடை மகளைப் பாக்க மாப்பிளை வீட்டார் வருகினம். வீட்டைப் பிள்ளைக்கு எழுதிறதெண்டு சொல்லியிருக்கிறம். அந்த நேரம் பாத்து இவர் வந்து காணியிலை உரிமை இருக்கெண்டு நிண்டா, அவையள் என்ன நினைப்பினம்?"

பையிலிருந்து கடதாசிகளை எடுத்துத் தந்தார். வால்டர் என்ற அந்த மனிதர் தட்டச்சில் எழுதிய கடிதமும், எஸ்ரா என்பவரின் உயிலைப் பதிவேட்டிலிருந்து என்றோ எடுத்த இரண்டு பக்கப் பிரதியும். முதல் பக்கத்தின் அடியில் இப்படி இருந்தது: "என் சகோதரன் சைலஸும், அவனுக்குப் பின் அவனுடைய வாரிசுகளும், ஒவ்வொரு வருடமும் உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை என் பண்ணைக்கு வந்து, என் கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் அள்ளி..." பக்கம் அதோடு முடிந்துவிட்டது. இரண்டாம் பக்கம் இப்படித் தொடங்கியது: "...இரண்டு பெண் பன்றிகளும் அவற்றின் குட்டிகள் அனைத்தும்."

குலம் குரலைத் தாழ்த்தினார். "பண்டியும் கேப்பாரோ எண்டுதான் எனக்குப் பயம். நாங்கள் வெள்ளிக்கிழமையிலை முட்டையும் தொடாத ஆக்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த மனுசனின் முகத்தைப் பார்க்கச் சிரிக்க முடியவில்லை. இரண்டு வசனங்களில் முதலாவதைச் சொல்லவும் என்னிடம் பதிவு இருக்கவில்லை. "தேடிப் பாக்கிறன், வாற கிழமை வாங்கோ" என்றேன்.

ஹார்டிங்கிடம் கடதாசிகளைக் காட்டினேன். வாசிக்க வாசிக்க அவருடைய காதுகள் சிவந்தன. "எஸ்ராவும் சைலஸும்!" என்றார். "இருவரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை என்றுதான் நினைக்கிறேன்."

தேடும் முறையைச் சொல்கிறேன். இனிமேல் யாரும் இப்படித் தேடப்போவதில்லை. முதலில் பெயர் அட்டவணை. அதில் குடும்பப் பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் ஒழுங்கில் இருக்கும். அதற்குப் பிறகு யார் முதலில் செத்தாரோ அவர் முதலில். அட்டவணையில் பதிவேட்டின் இலக்கமும் பக்கமும் கிடைக்கும். பதிவேட்டைத் தூக்கி நுரைமெத்தைத் தாங்கியில் வைத்து, பக்கத்தின் மேல் மூலையைப் பிடித்துத் திருப்ப வேண்டும். கீழ் மூலை ஒடிந்துவிடும். எஸ்ராவின் உயில் கிடைத்தது. அடுத்த பக்கத்தில் உண்மையிலேயே பன்றிகள்தான் இருந்தன. ஹார்டிங் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து முதல் பக்கத்தின் அடி விளிம்பைப் பார்த்தார். எறும்பளவு எழுத்தில் ஒரு குறிப்பு: "மிகுதி பதினொரு பக்கம் தள்ளி." அந்த எழுதுவினைஞர் வேறொருவருடைய உயிலின் ஒரு பகுதியை அடுத்த பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தார். இடம் போதாமல் எஸ்ராவைப் பாதியில் நிறுத்திவிட்டு, கிடைத்த இடத்தில் மிகுதியை எழுதியிருக்கிறார். வால்டர் குடும்பத்தில் பிரதி எடுத்தவர் குறிப்பைக் காணவில்லை. இரண்டு தலைமுறையாகப் பக்கத்து மனிதரின் பன்றிகளைத் தங்கள் உயிலில் வைத்திருந்தார்கள்.

"பிரதியை நம்பக் கூடாது. மூலத்தைப் பார்க்க வேண்டும்" என்றார் ஹார்டிங். பெட்டியிலிருந்து எடுத்த கட்டு மரக்கட்டை போல விறைத்திருந்தது. உடனே விரித்தால் மடிப்பில் வெடிக்கும். நாடாவை அவிழ்த்து, தானாகத் தளரும்வரை ஒரு பகல் விட்டு, பிறகு கனத்த கண்ணாடித் தட்டின் கீழ் இரண்டு நாள் வைத்தோம். ஹார்டிங் ஒரு மணிக்கொரு தரம் வந்து கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். "பொறுமை, எஸ்ரா" என்பார்.

நான்காம் நாள் வாசித்தோம். உயிலின் மிகுதி இதுதான்:

"...அள்ளி, பண்ணையின் சொந்தக்காரர் முன்னிலையில் ஒரு கிண்ணம் குடித்து, 'இது நல்ல தண்ணீர்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் கிணற்றைப் பற்றிச் சைலஸ் தேவாலய வாசலில் எல்லோர் முன்பாகவும் சொன்னது என் காதுக்கு வந்தது. அவனோ அவன் வாரிசுகளில் ஒருவரோ அப்படிச் சொல்லும் நாளில் நான் அவனை மன்னிக்கிறேன். அதற்கு முன் இல்லை."

காணி இல்லை, உரிமை இல்லை. எஸ்ரா தன் சகோதரனுக்கு எழுதி வைத்தது மன்னிப்பு மட்டும்தான். அதுவும் நிபந்தனையோடு.

கட்டுக்குள் இன்னொரு தாளும் இருந்தது. பொறுப்பாளர் வருடாவருடம் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கை. ஒரே கையெழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக: "சைலஸ் வந்தான். அள்ளினான். குடித்தான். சொல்லவில்லை." அடுத்த வருடம்: "வந்தான். அள்ளினான். குடித்தான். சொல்லவில்லை." இப்படியே போய், பொறுப்பாளரும் செத்துப்போக, நின்றுவிட்டது. அந்தக் கோப்பு மூடப்படவேயில்லை. ஹார்டிங் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

தவமணி தொலைபேசியில் அழைக்க, வால்டரும் குறித்த நாளில் பதிவறைக்கு வந்தார். வாளியோடுதான் வந்தார். கீழ்வாசலில் பாதுகாவலர்கள் வாளியைச் சோதனை இயந்திரத்துக்குள் இரண்டு தரம் அனுப்பினார்களாம். பதிவறை வாசலில் ஹார்டிங், "தண்ணீர்ப் பாத்திரங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை" என்று வாங்கி, ரசீது எழுதிக் கொடுத்து, மேலங்கிகளோடு கொளுவினார்.

வால்டர் மூலத்தை வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார்.

"அப்படியென்றால் பன்றிகள்?" என்று கேட்டார்.

"அவை வேறொருவருடையவை" என்றார் ஹார்டிங்.

"நல்லது. நான் அடுக்குமாடியில் இருக்கிறேன்." பிறகு மெல்லச் சொன்னார்: "என் அப்பா வந்தார், அவருடைய அப்பா வந்தார். நான் நாற்பது வருடமாக வருகிறேன். ஏதோ சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும்..." தலையை ஆட்டினார். "அந்தத் தண்ணீர் நன்றாக இருந்ததேயில்லை. துரு வாடை."

நான் தமிழில் சொன்னதும் குலம் துள்ளினார். "அப்ப காணியிலை ஒண்டுமில்லையோ? நல்ல தண்ணியெண்டு ஒரு சொல்லுத்தானோ? அதை வந்து சொல்லிப்போட்டுப் போகச் சொல்லுங்கோ அக்கா! மாப்பிளை வீட்டார் வர முந்திச் சொல்லட்டும்!"

அந்தச் சனிக்கிழமை ஹார்டிங்கும் நானும் ரயிலில் விட்பிக்குப் போனோம். வேலைநாளில்லாத ஒரு நாளில் அவரைக் கண்டது அதுதான் முதல் முறை. அதே கழுத்துப்பட்டி. மடியில் கோப்பின் பிரதி. "நாங்கள் சாட்சிகள் அல்ல" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். "தற்செயலாக அங்கே நிற்கிறோம்."

மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். பட்டுச்சேலைகளும் கோட்டுகளுமாகப் பதினைந்து பேர் பின்வளவில் சப்பாத்தில் சேறு ஒட்டாமல் ஒதுங்கி நின்றார்கள். கொட்டில் வாசலில் வால்டர் வாளியோடு நின்றார். கிணறு சீமெந்துக்குக் கீழே கிடந்ததால், கொட்டிலில் இருந்த குழாயிலிருந்து பிடிப்பதென்று முடிவாகியிருந்தது. ஹார்டிங்கிடம் அது செல்லுமா என்று கேட்டேன். "பதிவில் கிணறு என்று இருக்கிறது" என்றார் வேதனையோடு.

மாப்பிள்ளையின் தகப்பன் தவமணியிடம், "உவர் ஆர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்கடை காணியின்ரை பழைய ஆக்கள்" என்றாள் தவமணி, சொந்தக்காரரை அறிமுகப்படுத்துவது போல.

குலம் வாளியில் தண்ணீர் பிடித்து, வெள்ளித் தம்ளரில் அள்ளி, இரண்டு கையாலும் நீட்டினார். வால்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குடித்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். ஒரு சொல். அதைச் சொன்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு கோபம் முடிந்துவிடும். அவரும் சொல்லத்தான் வாயைத் திறந்தார். எனக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது.

"மன்னிக்க வேண்டும்" என்றார். "மீன் வாடை."

குலத்தின் முகம் கறுத்தது. "என்னவாம்? என்ரை தண்ணி நல்லாயில்லையாமோ? இத்தனை பேருக்கு முன்னாலை?"

"அப்பா, லெற் இற் கோ, விடுங்கோ" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு பிள்ளை!"

மாப்பிள்ளையின் தகப்பன் முன்னுக்கு வந்து அந்தத் தம்ளரை வாங்கினார். ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடி யோசித்தார். "இல்லைக் குலம், மனுசன் சொல்லுறது சரிதான்" என்றார். "விளைமீன்."

முதலில் சிரித்தவள் மணமகள். பிறகு எல்லோரும். குலத்தைத் தவிர. வால்டரையும் உள்ளே கூட்டிப்போய் இருத்தி வடையும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். அவர் நான்கு வடை சாப்பிட்டார். "தேநீர் மிக நன்றாக இருக்கிறது" என்றார். குலம் சட்டென்று ஹார்டிங்கைத் திரும்பிப் பார்த்தார். ஹார்டிங் கோப்பின் பிரதியைத் திறந்து, மூடி, "பதிவில் தண்ணீர் என்று இருக்கிறது" என்றார். கல்யாணம் அந்த ஆவணியில் நடந்தது.

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். வால்டர் வரத் தேவையில்லை, குலம் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அடுத்த வருடமும் வால்டர் வந்தார். குலமோ அதற்குள் மீன் பொரிக்கும் அடுப்பை வளவின் மற்றப் பக்கம் மாற்றி, குழாய்க்கு வடிகட்டி பூட்டியிருந்தார். "குளோரின்" என்றார் வால்டர். மறுவருடம் வேறு வடிகட்டி, புதுக் குழாய். "பிளாஸ்ரிக்." அதற்கடுத்த வருடம் என்னென்னவோ பூட்டி, தண்ணீரில் எதுவுமே மிஞ்சாமல் செய்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார். "இந்த முறை சொல்லாமல் தப்பேலாது அக்கா." வால்டர் குடித்துப் பார்த்து, "இதில் ருசியே இல்லையே" என்றாராம். குலம் ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை என்று தவமணி சொன்னாள். வால்டர் போகும்போது தவமணி வாளி நிறைய வடை போட்டு அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது.

ஒவ்வொரு வருடமும் குலம் பதிவறைக்கு வந்து முடிவைச் சொல்வார். பழைய அறிக்கைத் தாளில் கைவைக்க ஹார்டிங் சம்மதிக்கவில்லை. கோப்போடு ஒரு தனித் தாள் சேர்த்து, பென்சிலால் எழுதுவார்: "வால்டர் வந்தார். குடித்தார். சொல்லவில்லை." அவர் ஓய்வுபெற்ற பிறகு நான் எழுதினேன்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம் வால்டர் வரவில்லை. மறதி நோய் முற்றி, ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்துவிட்டார்கள். குலம் விசாரித்து, அந்தச் சனிக்கிழமை சுடுதண்ணிப் போத்தல் ஒன்றில் குழாய்த் தண்ணீரை எடுத்துக்கொண்டு அங்கே போனார். திங்கட்கிழமை காலை நான் பதிவறைக் கதவைத் திறக்கும்போது வாசலில் நின்றார். தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னை ஆரெண்டு தெரியேல்லை அக்கா. தம்ளரிலை ஊத்திக் குடுத்தன். முழுக்கக் குடிச்சார்."

"பிறகு?"

"சொல்லிப்போட்டார்." தொப்பியை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். "நல்ல தண்ணியெண்டு. நேர்ஸ் பிள்ளையும் நிண்டது. இவ்வளவு காலம் சொல்லாத மனுசன் அக்கா, ஒரு குறையும் சொல்லாமல் நல்ல தண்ணியெண்டு சொல்லிப்போட்டார்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கோப்பை எடுத்துவந்து தாளை விரித்து, பென்சிலைத் தீட்டினேன். வால்டர் வந்தார் என்று எழுத முடியாது, குலம் போனார் என்று எழுத வேண்டும் என யோசித்துக்கொண்டிருந்தபோது குலம் மேசைக்கு மேலாகக் கையை நீட்டித் தாளைப் பொத்தினார்.

"எழுதாதேங்கோ அக்கா. உயில் எழுதிறவர் சுயபுத்தியோட இருக்க வேணுமெண்டு சொல்லுவினமெல்லோ. அவர் சுயபுத்தியோட சொல்லேல்லை. நல்லாயிருந்தா அண்டைக்கும் ஏதாவது பிழை பிடிச்சிருப்பார்."

"ஓம்" என்றேன். "பிடிச்சிருப்பார்."

"அப்ப வாற வருசமும் கொண்டு போய்க் குடுக்கிறன்" என்றார். முகத்தைத் துடைத்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நான் அந்த வருடத்துக்கு ஒன்றும் எழுதாமலே தாளை மடித்து நாடாவால் கட்டினேன்.